செராமிக் கிரில்லில் கரி பற்றவைப்பதும் சூட்டைப் பிடித்து நிறுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நண்பர்கள் வட்டத்தில் கமாடோ என்கிற முட்டை வடிவச் செராமிக் கிரில்லை முதலில் வாங்கியவன் நான். அந்தப் பாவத்துக்கு, பின்னால் வாங்கிய ஒவ்வொருவரும் தங்கள் முதல் சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத்தான் போன் செய்கிறார்கள். கோழி மசாலாவில் ஊறிக்கொண்டிருக்கும், விருந்தாளிகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். "கரி பிடிக்கவே இல்லை" என்பார் ஒருவர், "சூடு ஏறிக்கொண்டே போகிறது" என்பார் இன்னொருவர். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் இருப்பது டெக்சாஸில். இங்கே கிரில் சூட்டை ஃபாரன்ஹீட்டில்தான் பேசுகிறோம். செல்சியஸ் கணக்கையும் முதல் தடவை வரும்போது சொல்லிவிடுகிறேன்.

பெரிய மண்பானைக்கு மூடி போட்ட மாதிரி இருக்கிறது. இதற்கா இவ்வளவு விலை?

பானைக்கு மூடி போட்டதுதான், தப்பில்லை. ஜப்பானில் சோறு வேகவைக்க முஷிகமாடோ என்று வட்டமான மண் அடுப்பு ஒன்று உண்டு. கமாடோ என்றாலே அந்த மொழியில் அடுப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அதை ஊருக்குக் கொண்டுவந்து இறைச்சி சுட ஆரம்பித்தார்கள். 1974-ல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய 'பிக் கிரீன் எக்' அதைப் பிரபலமாக்கியது. ஆரம்பத்தில் விற்ற களிமண் அடுப்புகள் விரிசல் விட்டதால் செராமிக்குக்கு மாறினார்கள்.

விலை அந்தச் செராமிக் சுவருக்குத்தான். தகர கிரில் உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இது பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு கை அளவு கங்கு இருந்தாலே பல மணி நேரம் சமைக்கலாம். இந்த நல்ல குணம்தான் புதிதாக வாங்கியவர்களைப் படுத்தும் குணமும். ஏறிய சூடு சீக்கிரம் இறங்காது. கீழே வரும் கேள்விகளில் பாதி இதிலிருந்து பிறந்தவைதான்.

லம்ப் கரியும் பிரிக்கெட்டும் ஒன்றுதானே? கடையில் மலிவாக இருந்ததை வாங்கிவிட்டேன்.

இல்லை. லம்ப் என்பது மரத்தை அப்படியே சுட்டு எடுத்த கரி. துண்டுக்குத் துண்டு வடிவம் மாறும், கிளையின் வளைவுகூடத் தெரியும். பிரிக்கெட் என்பது கரித்தூளை ஸ்டார்ச் போன்ற பசை சேர்த்து ஒரே அளவு வில்லைகளாக அழுத்தியது. சாதாரணத் தகர கிரில்லுக்கு பிரிக்கெட் நல்ல பொருள்தான். செராமிக்கில் அதனால் வரும் தொல்லை சாம்பல். கரித்தொட்டியின் அடியில் உள்ள துளைகள் வழியாகத்தான் காற்று வர வேண்டும். பிரிக்கெட் சாம்பல் அவற்றை மூடிவிடும். லம்ப் கரி விடும் சாம்பல் மிகக் குறைவு.

வாங்கியதைத் தூக்கிப் போட வேண்டாம், ஒருநாள் கோழி சுட்டுத் தீர்த்துவிடுங்கள். ஆனால் 'தீக்குச்சி காட்டினாலே பற்றும்' என்று எழுதிய பை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் எரிதிரவம் ஊறியிருக்கும்.

எவ்வளவு கரி போடுவது? அரை மணி நேரச் சமையலுக்குத் தொட்டி நிறையக் கொட்டுவது வீண் இல்லையா?

வீண் இல்லை. சமையல் முடிந்ததும் மூடி அணைத்தால் மிச்சக் கரி மறுநாளைக்கு ஆகும். அதனால் நான் எப்போதும் கரித்தொட்டியின் பக்கத் துளைகளுக்கு மேல் வரும்படி நிரப்புவேன். ராத்திரி முழுக்க ஓட வேண்டும் என்றால் அதற்கும் மேலே, தொட்டியின் விளிம்பு தாண்டி. கரி அதிகம் இருந்தால் சூடு அதிகமாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பற்றியிருக்கும் கரிதான் சூடு தரும். பக்கத்தில் கறுப்பாகக் கிடக்கும் கரி வரிசையில் நிற்கிறது, அவ்வளவுதான்.

பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். அடியில் தங்கியிருக்கும் பொடி தொட்டியின் துளைகளை அடைத்துவிடும். பெரிய துண்டுகளைக் கையால் எடுத்து அடியில் அடுக்கி, நடுத்தரத் துண்டுகளை மேலே போடுங்கள். பொடியைக் குப்பையில் போடலாம். பையில் கல், கம்பி, பழைய மரச்சாமான் துண்டு எல்லாம் எனக்குக் கிடைத்திருக்கிறது. பாலிஷ் போட்ட பலகைத் துண்டு மாதிரித் தெரிந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள்.

சரி, எப்படித்தான் பற்றவைப்பது? அரைப் பெட்டி தீக்குச்சி காலி.

மெழுகில் தோய்த்த மரத்தூள் கட்டிகள் விற்கிறார்கள், அவை போதும். கையில் இல்லையா? பேப்பர் டவலைக் கயிறு மாதிரி முறுக்கி, சமையல் எண்ணெயில் நனைத்து, கரிக்குள் பாதி புதைத்து நுனியில் தீ வைக்கவும். எண்ணெய் திரி விளக்கு மாதிரி பத்து நிமிடம் நின்று எரியும். கட்டியோ டவலோ, கரிக்கு மேலே வைக்காமல், கரியில் குழி பறித்து வைத்து, சுற்றிலும் நாலைந்து சிறு துண்டுகளைக் கூடாரம் மாதிரி சாய்த்து வைக்கவும். தீ மேல்நோக்கித்தான் போகும் என்பதை அடுப்பு ஊதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காற்று உள்ளே வரும் கீழ்த் திறப்பு முழுக்கத் திறந்திருக்கட்டும், மூடியும் திறந்திருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு பந்து அளவுக்குக் கங்கு சிவந்து நிற்கும். அப்போது மூடியை இறக்கலாம். சுவாலை தெரியவில்லையே என்று ஊதுகுழல் தேடிப் போகாதீர்கள். சிவப்பு தெரிந்தால் போதும்.

எத்தனை இடத்தில் பற்றவைப்பது என்பதுதான் முக்கியம். மெதுவாக வேகவைக்க ஒரே இடம், நடுவில். கோழி, காய்கறி சுட இரண்டு இடம். நான் ரொட்டி, பீட்சா என்றால் மூன்று இடம். மின்சாரத்தில் சூடாகும் வளையமும் இருக்கிறது, சூடான காற்றை ஊதும் கருவியும் இருக்கிறது. வேலை செய்கின்றன, ஆனால் பின்கட்டில் பிளக் பாயின்ட் எங்கே என்று தேடுவதற்குள் எண்ணெய்த் திரி எரிந்து முடிந்துவிடும்.

லைட்டர் ஃப்ளூயிட் கொஞ்சம் ஊற்றினால் என்ன? எரிந்து போய்விடாதா?

தகர கிரில்லில் எரிந்து போய்விடும். செராமிக் நுண்துளைகள் உள்ள பொருள், திரவத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு தடவை சூடேறும்போதும் பெட்ரோல் பங்க் வாசனை வரும். ஒரு நண்பரின் மாமனார் உதவி செய்கிறேன் என்று அரை பாட்டிலைக் கவிழ்த்துவிட்டார். மூன்று நான்கு தடவை வெறும் கிரில்லை நன்றாகக் காய்ச்சிய பிறகுதான் அவர்கள் வீட்டுக் கோழி கோழியாக மணந்தது.

மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு. எதைத் திருப்பினால் சூடு கூடும், எதைத் திருப்பினால் குறையும்?

இரண்டும் ஒரே குழாயின் இரண்டு முனைகள். சூடான காற்று லேசாகி மேலே வெளியேறுகிறது. அது போகிற வேகத்துக்குக் கீழே புதுக் காற்று உள்ளே வருகிறது. எந்த முனையை நெரித்தாலும் ஓட்டம் குறையும். காற்று குறைந்தால் எரியும் கரி குறையும், சூடு குறையும். கேஸ் அடுப்புக் குமிழைத் திருப்பும்போது நாம் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிறோம். இங்கே எரிபொருள் எப்போதும் நிறைய இருக்கிறது, காற்றைத்தான் ரேஷன் போட்டுக் கொடுக்கிறோம். இது மனதில் பதிந்துவிட்டால் என்னைப் போனில் கூப்பிட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

நடைமுறையில், கீழ்த் திறப்பை ஒரு குத்துமதிப்பான அளவில் வைத்துவிட்டு, நுட்பமான மாற்றங்களை மேல் திறப்பில் செய்வது சுலபம். என் நடுத்தர கிரில்லில் 250-க்கு (121 செல்சியஸ்) கீழே அரை விரல் அகலம், மேலே நிலாப்பிறை மாதிரி மெல்லிய கீற்று. 350-க்கு (177) கீழே இரண்டு விரல், மேலே கால்வாசி. 500-க்கு (260) மேல் போக இரண்டும் ஏறக்குறைய முழுசாக. உங்கள் கிரில்லில் இது மாறும். முதல் நாலைந்து தடவை எந்த அளவில் எந்தச் சூடு நின்றது என்று எழுதி வையுங்கள். நான் மேல் திறப்பின் மூடியிலேயே பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன்.

225-ல் நிறுத்த வேண்டும். முதலில் 400 வரை ஏற்றிவிட்டு அப்புறம் குறைத்துக்கொள்ளலாம்தானே?

கூடாது. குக்கர் விசிலுக்கு அந்த வழி சரிப்படும், இதற்குச் சரிப்படாது. 400-க்கு (204) ஏறிவிட்டால் செராமிக் சுவர் முழுக்கச் சூடாகிவிடும். காற்றை நிறுத்தினாலும் சுவர் சூட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கீழிருந்து மெல்ல ஏறிப் போய்த்தான் நிற்க வேண்டும்.

225 (107) வேண்டுமானால், மூடியில் உள்ள மீட்டரின் முள் 150 தொடும்போதே கீழ்த் திறப்பைப் பாதியாக்குங்கள். 190 வாக்கில் மேல் கீழ் இரண்டையும் கடைசி அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு தடவை திருப்பினால் பத்துப் பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் யாரிடமும் இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை மேலும் கீழும் திருப்பிவிட்டு, 'இது சொன்ன பேச்சு கேட்கவில்லை' என்கிறார்கள். முன்னே சொன்னது போய்ச் சேருவதற்குள் அடுத்ததைச் சொன்னால் எது கேட்கும்?

முள் 225 காட்டிய உடனே இறைச்சியை வைக்காதீர்கள். காற்றுதான் 225, சுவர் இன்னும் ஆறியே இருக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே ஓடவிட்டால் முள் ஆடாமல் நிற்கும். இன்னொன்றும் சொல்கிறேன்: 225 என்பது வேதவாக்கு இல்லை. உங்கள் கிரில் 245-ல் அமைதியாக நிற்கிறது என்றால் அங்கேயே விடுங்கள். 225-லிருந்து 275-க்குள் (135) எங்கே நின்றாலும் இறைச்சி நன்றாகவே வரும், நேரம்தான் மாறும்.

தாண்டிவிட்டது. 350-ல் நிற்கிறது. மூடியைத் திறந்து ஆறவிடட்டுமா?

திறக்கவே திறக்காதீர்கள். திறந்தால் முள் இறங்கும், நெருப்புக்கு அது தீபாவளி. காற்று முழுக்க உள்ளே போய் இன்னும் பல துண்டுகள் பற்றிக்கொள்ளும். மூடியதும் முன்னைவிட மேலே போகும். கீழ்த் திறப்பை ஏறக்குறைய முழுசாக மூடி, மேலே மயிரிழை விட்டு, காத்திருங்கள். முள் வேண்டிய இடத்துக்கு 25 டிகிரி மேலே வரும்போது மறுபடி லேசாகத் திறந்துவிடுங்கள்; மறந்தால் நெருப்பு அணைந்துவிடும். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

அவசரம் என்றால், கையுறை போட்டுக்கொண்டு, இன்னும் வைக்காத வெப்பத் தடுப்புத் தட்டை (கரிக்கும் இறைச்சிக்கும் நடுவில் வைக்கும் தட்டு) உள்ளே வைக்கலாம். ஆறிய தட்டு கொஞ்சம் சூட்டைக் குடிக்கும். ஆனால் கரி மேலோ சுவர் மேலோ தண்ணீர் தெளிக்கக் கூடாது. சூடான கண்ணாடிக் குவளையில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதுதான் செராமிக்குக்கும் ஆகும்.

எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் கோழி கசந்தது, ஏதோ சாம்பல் வாடை.

சீக்கிரம் வைத்துவிட்டீர்கள். புதிதாகப் பற்றும் கரி கெட்டியான வெள்ளைப் புகையை விடும். பாதி எரிந்த பொருள்கள் அதில் நிறைய. அது இறைச்சியின் மேல் படிந்தால் கசக்கும். மேல் திறப்பில் புகை மெலிந்து, லேசான நீலமாகவோ கண்ணுக்கே தெரியாமலோ ஆகும் வரை பொறுக்க வேண்டும். எனக்குச் சாதாரணமாக அரை மணி ஆகும், சில பைகளுக்கு முக்கால் மணி. கண்ணை நம்பாவிட்டால் மூக்கை நம்புங்கள்: புகைக்கு மேலே கையை ஒரு நொடி ஆட்டி முகர்ந்தால், சாப்பிடத் தோன்றுகிற வாசனையா, இருமல் வருகிற வாசனையா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம், நிறையப் பற்றவைத்துவிட்டு காற்றை நெரிப்பது. மூச்சுத் திணறும் பெரிய நெருப்பு அழுக்குப் புகை விடும். நன்றாக மூச்சுவிடும் சின்ன நெருப்பு சுத்தமாக எரியும். மெதுவான சமையலுக்கு ஒரே இடத்தில் பற்றவைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

மூடியில் இருக்கும் மீட்டர் ஒன்று சொல்கிறது, உள்ளே வைத்த டிஜிட்டல் கம்பி வேறு சொல்கிறது. எதை நம்புவது?

இரண்டுமே உண்மை சொல்லலாம். மூடியின் மீட்டர் மேலே உள்ள காற்றை அளக்கிறது, கம்பி இறைச்சிக்குப் பக்கத்தில் உள்ள காற்றை. வெப்பத் தடுப்புத் தட்டு உள்ளே இருந்தால், ஆரம்ப ஒரு மணி நேரத்தில் இரண்டுக்கும் நாற்பது ஐம்பது டிகிரி வித்தியாசம்கூட வரும். நேரம் ஆக ஆக நெருங்கிவிடும். கம்பி ஆறிய இறைச்சியை ஒட்டி இருந்தால் குறைவாகக் காட்டும். இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். மூடி மீட்டரின் முனை கோழியில் குத்திக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன்.

மீட்டரே தப்பாக இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், கழற்றி முனையைக் கொதிக்கும் தண்ணீரில் பிடியுங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் 212 காட்ட வேண்டும். டென்வர் மாதிரி உயரமான ஊரில் தண்ணீர் அதற்குக் கீழேயே கொதிக்கும். பல மீட்டர்களின் பின்னால் சின்ன நட்டு இருக்கும், திருகிச் சரிசெய்துகொள்ளலாம். கோழி வெந்ததா என்பதை எந்தக் கிரில் மீட்டரும் சொல்லாது. தொடையின் கனமான இடத்தில் தனி தெர்மாமீட்டரைக் குத்தி 165 (74) வந்ததா என்று பார்ப்பதுதான் வழி.

இதுவும் தந்தூர் மாதிரிதானே? சுவரில் நான் ரொட்டி ஒட்டலாமா?

குணத்தில் அக்கா தங்கை, வேலையில் வேறு. தந்தூருக்கு வாய் மேலே திறந்திருக்கும், கை உள்ளே போகும், சுவர் நேராகக் கங்கைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கும். இதில் சுவர் மேல் புகையும் கொழுப்பும் படிந்திருக்கும், கையை விடவும் வழியில்லை. பீட்சா கல்லை வைத்து, கிரில்லை 550-லிருந்து 600 வரை (சுமார் 290 முதல் 315) ஏற்றி, கல்லும் நன்றாகக் காய அரை மணி விட்டு, அதில் நான் ரொட்டியைப் போடுங்கள். மேல் பக்கம் மூடியின் சூட்டிலேயே கொப்புளம் விட்டு வேகும். கத்திரிக்காய் துவையலுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. சமையல் முடிந்து அணையப் போகும் கங்கில் காயை நேராகப் போட்டுத் திருப்பித் திருப்பி எடுங்கள்.

கிரில் புதுசு என்றால் இந்தச் சூட்டுக்கு உடனே போகாதீர்கள். மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் இருக்கும் கேஸ்கட்டின் பசை இறுக வேண்டும். முதல் சில சமையல்களை 350-க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்ததும் குபீர் என்று தீ வந்து புருவம் கருகிவிட்டது. கிரில் பழுதா?

பழுது இல்லை. சூடு அதிகமாக இருக்கும்போது திறப்புகளை நெரித்து வைத்திருந்திருப்பீர்கள். உள்ளே எரியத் துடிக்கும் வாயு இருக்கிறது, காற்றுதான் இல்லை. மூடியை ஒரே தூக்காகத் தூக்கினால் காற்று பாய்ந்து எல்லாம் ஒரே நொடியில் பற்றும். எனக்கும் ஒரு தடவை முன்கை முடி போயிருக்கிறது.

400-க்கு மேல் இருந்தால் மூடியை இரண்டு அங்குலம் தூக்கி, ஐந்தாறு நொடி அப்படியே பிடித்து, இறக்கி, மறுபடி ஒரு தடவை அப்படிச் செய்துவிட்டு, அப்புறம் முழுசாகத் திறக்கவும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். இதைக் குழந்தைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. எல்லாத் திறப்பும் திறந்திருக்கிறது, 300-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது.

காற்று உள்ளே போகவில்லை. பெரும்பாலும் அடைப்புதான்: போன தடவைச் சாம்பலை எடுக்கவில்லை, அல்லது கரிப்பொடி துளைகளில் உட்கார்ந்துவிட்டது. வளைத்த கம்பியைக் கீழ்த் திறப்பு வழியாக விட்டு, கரித்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டின் துளைகளைக் குத்திவிடுங்கள். சரசரவென்று பொடி விழும், ஐந்து நிமிடத்தில் முள் ஏறத் தொடங்கும். அடுத்து, கரித்தொட்டியின் வாசல் கீழ்த் திறப்புக்கு நேராக இருக்கிறதா பாருங்கள். சுத்தம் செய்து திரும்ப வைக்கும்போது அது திரும்பிப்போய்விடுவது உண்டு. மழையில் நனைந்த கரியும் இப்படித்தான் இழுத்தடிக்கும்.

ஊரில் சீமைக்கருவேலக் கரி மூட்டை மூட்டையாகக் கிடைக்குமே, அது இதற்குச் சரிப்படுமா?

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரன், இந்தக் கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் கடைகளில் மெஸ்கீட் என்று எழுதிய பை இருக்கும். அது நம் சீமைக்கருவேலத்தின் ஒன்றுவிட்ட சகோதரன், இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில்தான் நெடுங்காலமாகச் சேர்த்து வந்தார்கள். நம்மூர்க் காடுகரையை வளைத்துப்போட்ட அந்த மரமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆகவே சரிப்படும், நல்ல கனமான கரி, கடும் சூடு. ஒரே தொல்லை, மெஸ்கீட் கரி பற்றும்போது படபடவென்று வெடித்துப் பொறி பறக்கும். மூடியைத் திறந்து வைத்துக் குனிந்து பார்க்காதீர்கள். பொறி அடங்கினபின் பாருங்கள்.

எங்கள் பக்கம் கரிமூட்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்குக் கமாடோவைத் தனியாகக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. விறகை அடுக்கி, தழை போட்டு, அதற்கு மேல் மண்ணால் மூடி, அங்கங்கே ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். காற்று கூடினால் விறகெல்லாம் சாம்பல். குறைந்தால் நெருப்பு அணைந்து பாதி வெந்த கட்டைதான் மிஞ்சும். அதனால் இரவும் பகலும் ஒருவர் காவல் இருந்து, மண் உள்வாங்கிய இடத்தை அடைத்துக்கொண்டே இருப்பார். என் பெரியப்பா புகையின் நிறத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே எந்தப் பக்கம் ஓட்டை விழுந்திருக்கிறது என்று சொல்வார். மேலே ஓர் இரும்புச் சக்கரத்தைத் திருகிவிட்டு நாம் பெருமைப்படுகிறோம். பையில் மரமாகவே இருக்கும் பழுப்புத் துண்டு கிடைத்தால் அது மூட்டத்தில் வேகாத கட்டை. வெள்ளைப் புகை விடும், ஓரமாக வையுங்கள்.

மற்ற மரங்களில், ஓக், ஹிக்கரி கரி சீக்கிரம் பிடிக்கும், வாசனையும் உண்டு. தென் அமெரிக்காவின் கெப்ராச்சோ கல் மாதிரி இருக்கும், பற்ற நேரமாகும், நெடுநேரம் நிற்கும். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கே கோடாரியை உடைப்பது என்று பொருள்.

சிரட்டைக் கரி?

இஸ்திரிப் பெட்டிக்கு அதுதான் ராஜா. மெல்லிசாக இருப்பதால் சட்டென்று பற்றும், சட்டென்று தீரும். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்ந்து காற்றையும் மறிக்கும். பெரிய லம்ப் கரியைப் பற்றவைக்க நடுவில் ஒரு பிடி போடலாம், தொட்டி முழுக்க வேண்டாம்.

ப்ரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) போட்டு ராத்திரி தூங்கலாமா? போன தடவை விடியற்காலையில் இறைச்சி 160-ல் நின்றுவிட்டது, பயந்து காற்றைத் திறந்துவிட்டேன்.

அங்கே நிற்பது கிரில் இல்லை, இறைச்சி. உள்சூடு 150-லிருந்து 170-க்குள் (66 முதல் 77) வரும்போது இறைச்சியிலிருந்து ஈரம் வியர்த்து ஆவியாகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்குத்தான். சில மணி நேரம் முள் அசையாது. கிரில் 250 காட்டிக்கொண்டிருந்தால் எதையும் தொடாதீர்கள். அவசரம் என்றால் கசாப்புக் கடைக் காகிதத்திலோ ஃபாயிலிலோ சுற்றி வையுங்கள், ஆவி அடைபட்டு நகரத் தொடங்கும். 200-ஐ (93) ஒட்டி வரும்போது கத்தி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்குகிறதா என்று குத்திப் பாருங்கள்.

தூங்கலாம். தொட்டி நிறையக் கரி, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஆடாமல் நின்ற முள், சூடு ஏறினாலோ இறங்கினாலோ படுக்கையறையில் அலறும் ஒயர்லெஸ் தெர்மாமீட்டர், இந்த மூன்றும் இருந்தால். கீழ்த் திறப்பில் மாட்டும் சின்ன விசிறிக் கருவியும் இருக்கிறது. அது சூட்டைப் பார்த்துத் தானே காற்று ஊதும். அதைப் போட்டால் மேல் திறப்பை ஏறக்குறைய மூடி வையுங்கள், இல்லாவிட்டால் விசிறி சும்மா இருக்கும்போதும் காற்று தானாக ஓடும்.

மழை, குளிர், காற்று. இதில் எதற்குப் பயப்பட வேண்டும்?

காற்றுக்கு. கீழ்த் திறப்புக்கு நேராக வீசும் காற்று நீங்கள் போட்ட ரேஷனைக் கலைத்துவிடும், அந்தப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள். குளிரைத் தடித்த சுவர் பார்த்துக்கொள்ளும். மழையில் மேல் திறப்பு வழியாக நீர் இறங்காமல் மூடி இருந்தால் போதும். ஆனால் பல வாரம் மழையிலேயே நின்ற கிரில்லின் செராமிக்கில் ஈரம் ஏறியிருக்கும். அன்றைக்கு எடுத்த எடுப்பில் 600-க்கு ஏற்றாமல், 250-ல் ஒரு மணி நேரம் விட்டு உலர்த்துங்கள்.

உள்ளே கரித்தொட்டியில் விரிசல் தெரிகிறது. போச்சா?

போகவில்லை. துண்டாகி விழாத வரை வேலை செய்யும். படம் எடுத்து உத்தரவாதத்துக்கு எழுதிப் போடுங்கள். அது வரும் வரை சமையலை நிறுத்த வேண்டாம்.

மூன்று மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து திறந்தால் உள்ளே பூஞ்சை!

ஈரமும் கொழுப்பும் இருட்டும் சேர்ந்தால் வரும். சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், எரிதிரவத்தைப் போலவே செராமிக் அதையும் குடிக்கும். பழைய கரியை எடுத்துப் போட்டுவிட்டு, புதுக் கரியில் 500 வரை மெல்ல ஏற்றி ஒரு மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். ஆறியதும் கம்பித் தட்டைத் தேய்த்துவிட்டால் முடிந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போகும் முன் மேலே கீழே கொஞ்சம் திறந்து வைத்து, மேல் திறப்புக்கு மழை இறங்காத மூடி போட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பிட்டு முடித்தாயிற்று. எப்படி அணைப்பது? மிச்சக் கரியை என்ன செய்வது? ராத்திரி கராஜுக்குள் தள்ளிவிடலாமா?

இரண்டு திறப்பையும் முழுசாக மூடுங்கள், வேறொன்றும் வேண்டாம். அன்றைய சூட்டைப் பொறுத்து அணைந்து ஆற சில மணி நேரம் ஆகும். மறுநாள் கரியைக் குச்சியால் கிளறினால் சாம்பல் கீழே உதிரும், கறுப்புத் துண்டுகள் மேலே நிற்கும். அவற்றின் மேல் புதுக் கரி சேர்த்துக்கொள்ளலாம். ஒரு தடவை எரிந்த கரி சீக்கிரம் பற்றும் என்பதால், நான் ஃபயர் ஸ்டார்ட்டரைச் சுற்றி அந்தத் துண்டுகளைத்தான் வைப்பேன்.

கராஜுக்குள் தள்ளக் கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது. கங்கு இருக்கும் வரை கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வெளியே மழை என்று தந்தூரி பார்ட்டியைக் கராஜுக்கு மாற்றுகிறவர்களுக்கும் இதே பதில்தான். துணி உறையையும் தொட்டுப்பார்த்துச் சுவர் ஜில்லென்று இருந்தால்தான் போடலாம். சாம்பல் வாரினால் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, இரண்டு மூன்று நாள் வெளியே வைத்திருந்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் கொட்டுங்கள். நீறு பூத்த நெருப்பு என்று நம் பாட்டிகள் சொன்னது இந்தச் சாம்பலைத்தான். எங்கள் தெருவில் ஒரு பிளாஸ்டிக் குப்பைத் தொட்டி மறுநாள் மத்தியானம் உருகி வழிந்தபோது, அது யார் வீட்டுச் சாம்பல் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அவர் இதைப் படிப்பார்.